முப்பத்தைந்து சதவீதம்

பருவை எடுக்கலாம். மச்சத்தை எடுக்கக் கூடாது.
பத்து நாளில் தானே போகப்போவது எதுவோ
அதை மட்டும் முன்கூட்டியே அனுப்பிவைக்கிறேன்.
மற்றபடி என்னிடம் சட்டம் எதுவும் இல்லை.

குடியாத்தம், நெல்லூர்ப்பேட்டை,
லுங்கிக் கடைக்கு மேல் மாடி.
சித்திரை வந்தால்
ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிட்டு
நான் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருப்பேன்.

இருநூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால்
எந்த முகமும் பாலாற்று மணல்தான்:
குழி, மேடு, லாரித் தடம்.
அங்கேயே நின்று வேலை பார்த்தால்
அத்தனையும் மெழுகித் தள்ளிவிடுவோம்.
அடிக்கடி பின்வாங்க வேண்டும்,
தைத்த சட்டையைக் கைநீட்டிப் பிடித்து
டெய்லர் பார்ப்பதுபோல.

ஜமுனா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
தீப்பெட்டிக் கம்பெனியில் பதினோரு வருஷம்.
வரனுக்கு அனுப்பப் போட்டோ.
கூட வந்த சித்தப்பா ஜீவரத்தினம்
கேமராவுக்கும் முன்னால் நின்றார்.
"கலரு கொஞ்சம் தூக்கிடு தம்பி.
மாப்ள வூடு ஆம்பூரு. பெரிய எடம்."

நிறத்தைத் தொடவில்லை.
டியூப்லைட் பூசியிருந்த பச்சையை எடுத்தேன்.
கன்னத்து வியர்வையின் மினுக்கை அணைத்து
மூக்குத்தியின் மினுக்கை விட்டுவைத்தேன்.
கண்ணுக்குக் கீழே
நைட் ஷிப்ட் வரைந்த இரண்டு பிறை.
முழுக்கத் துடைத்தால் கண் மிதக்கும்,
கொலுப் பொம்மைக்கு மிதப்பதுபோல.
தனி அடுக்கில் துடைத்து
அடுக்கின் அழுத்தத்தை முப்பத்தைந்துக்கு இறக்கினேன்.
மிச்சம் அறுபத்தைந்து அவளுடையது.

சித்தப்பா அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இன்னாபா, ஒண்ணுமே பண்ணல?
இதுக்கு இன்னாத்துக்கு முன்னூறு ரூபா?"

நியாயமான கேள்வி.
செய்தது தெரியாமல் செய்துவிட்டு
எந்த முகத்தோடு காசு கேட்பது?
உப்பு சரியாயிருந்த குழம்பை
உப்புக்காக யார் மெச்சியிருக்கிறார்கள்?

ஜமுனாதான் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள்.
ஒவ்வோர் அடுக்குக்குப் பக்கத்திலும்
ஒரு சின்னக் கண் இருக்கும்.
அழுத்தினால் செய்த வேலை மறையும்,
மறுபடி அழுத்தினால் திரும்பும்.
மவுஸை அவளே வாங்கிக்கொண்டாள்.
முன். பின். முன். பின்.
தன் முகம் தூங்குவதையும் விழிப்பதையும்
குச்சி அடுக்குகிறவளின் நிதானத்தோடு பார்த்தாள்.

பிறகு திரையில், நெற்றியோரம், விரலை வைத்தாள்.
"இங்க ஒண்ணு இருந்துச்சே?"

இருந்தது. மிளகு அளவு.
பரு என்று நினைத்து எடுத்துவிட்டிருந்தேன்.

"மருந்து பத்திக்கிச்சுண்ணா. தீபாவளி ஆர்டரு.
எனக்கு இதோட போச்சு.
பக்கத்துல குந்திக்கினு இருந்தவளுக்கு…"
மீதியை விழுங்கிக்கொண்டாள்.
"வெச்சிடுங்க.
பாக்க வர்றவன் இது இன்னா புதுசான்னு கேட்டா
நான் இன்னா சொல்றது?"

அழித்ததை அழித்தேன்.
பத்து நாளில் போவதா,
எட்டு வருஷமாகப் போகாததா என்று
திரைப்புள்ளிக்குத் தெரியாது.
நான் கேட்டிருக்கலாம்.

சித்தப்பா இருநூறு வைத்தார்.
படியிறங்கும்போது ஜமுனா நூறு வைத்தாள்.

வைகாசி ஒன்று, சிரசுத் திருவிழா.
கடையைச் சாத்திவிட்டுக் கூட்டத்தில் நின்றேன்.
தலை மட்டும் மாலைகளுக்குள் ஆடி ஆடி வருகிறது.
ஆற்றங்கரைக் கோயிலில் உடல் காத்திருக்கிறது.
போன வாரம்தான் ஒரு கல்யாண குரூப்பில்
கண்மூடி நின்ற அத்தை ஒருத்திக்கு
அடுத்த படத்திலிருந்து தலையைக் கொண்டுவந்து பொருத்தினேன்.
கழுத்துக் கோட்டை மறைக்க ஒன்றரை மணி நேரம்.
இங்கே யாரும் இணைப்பைத் தேடவில்லை.
தேங்காய் சிதறுகிறது, குனிந்து பொறுக்குகிறார்கள்.
நான் ஒருத்தன்தான்
எக்கி எக்கி மாலைக்கு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்ச்சாரியில் ஜமுனா,
கையில் தேங்காய்ச் சில்லு.
ஆம்பூர் என்ன சொன்னது என்று நான் கேட்கவில்லை,
அவ்வளவு சத்தத்தில் கேட்டாலும் கேட்காது.
உச்சி வெயில். அத்தனை முகமும் மினுமினுத்தது.
அணைக்க என் கையில் ஒன்றுமில்லை.